இரண்டாவது சொல்

“சூடாகுமா?” என்று கேட்டேன்.

வின்ஸ்தான் வேனை விற்பவர். அந்த வெள்ளை வேனில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்தான் என்ஜின். இருக்கையை மடக்கித் தூக்கி ஒரு கம்பியை முட்டுக்கொடுத்திருந்தார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கதவில் நின்று, கிணற்றை எட்டிப் பார்ப்பவர்களைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரேடியேட்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயின் வாயில் பச்சையாக ஏதோ வடிந்து காய்ந்திருந்தது. நான் வருவதற்குள் அதைத் துடைத்துவிட அவருக்கு ஒரு வாரம் அவகாசம் இருந்தது. துடைக்கவில்லை.

“இல்ல, ஆமா,” என்றார்.

சூடாகும் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் இரண்டையும் சேர்த்தேதான் சொல்வார்கள். முதல் சொல் கேட்டவருக்கு மரியாதை. இரண்டாவதுதான் பதில். டீ குடிக்கிறாயா என்று கேட்டு ‘ஆமா, இல்ல’ என்று பதில் வந்தால் கெட்டிலை அணைத்துவிடலாம். ‘இல்ல, ஆமா’ என்றால் இன்னொரு கோப்பையை எடுக்க வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.

வாட்டர் பம்ப்பையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிட்டதாகவும், மிச்சம் இருப்பது என்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்தான் என்றும், அதைத் திறந்து பார்க்கத் தனக்கு மனசில்லை என்றும் வின்ஸ் சொன்னார். வேன் அவருடைய தம்பிக்காக வாங்கியது. தம்பி போன குளிர்காலத்தில் போய்விட்டார். பின்கதவைத் திறந்து சக்கர நாற்காலி ஏற்றும் லிஃப்டை மூன்று முறை ஏற்றி இறக்கிக் காட்டினார். அது சத்தமில்லாமல், ஒரே சீராக வேலை செய்தது.

“லிஃப்ட்ல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. நல்ல லிஃப்ட் ஒண்ணை வாங்குறே, அதைச் சுத்தி ஒரு ஓட்டை வேனைக் கட்டி விட்டிருக்காங்கன்னு நெனச்சுக்க கண்ணு.”

வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்டார். மெல்ராய் வரை தார்ச்சாலையில் நூற்றைம்பது, அங்கிருந்து வடக்கே மண் சாலையில் இருபத்தெட்டு கிலோமீட்டர் என்றேன். அவர் வீட்டுக்குள் போய் இருபது லிட்டர் தண்ணீர் கேனும் பழைய குளியல் துண்டு ஒன்றும் கொண்டுவந்தார். அவர் சொன்னவற்றை நான் ஒரு உறையின் பின்புறத்தில் வரிசையாக எழுதிக்கொண்டேன். எண்பதுக்கு மேல் போகக்கூடாது. நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும். குழாயைக் கையால் பிடித்துப் பத்து வரை எண்ண முடிகிற வரைக்கும் ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது. ஹீட்டரை முழுதாகத் திறந்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும். என்ஜினின் சூட்டில் கொஞ்சத்தை அது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

“இன்னைக்கு நாப்பத்தோரு டிகிரின்னு ரேடியோல சொன்னான்,” என்றேன்.

“அதனாலதான் சொல்றேன்.” பிறகு நான் எழுதி முடித்த உறையை வாங்கிப் படித்துவிட்டு, “இன்னொண்ணு எழுதிக்க. ஹீட்டர்ல குளுந்த காத்து வந்துச்சுன்னா, நல்லாருக்கேன்னு உக்காந்திருக்காத. உள்ள தண்ணி இல்லன்னு அர்த்தம். அந்த இடத்துலயே நிறுத்திடு,” என்றார்.

அதையும் எழுதிக்கொண்டேன். ஒன்பது நாற்பதுக்குப் போர்ட் அகஸ்டாவை விட்டுக் கிளம்பினேன்.

முதல் நாற்பது கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு ஜன்னல்களும் திறந்திருந்தன. வெளிக்காற்றும் சூடு, காலடியிலிருந்து வரும் காற்றும் சூடு, உட்கார்ந்திருந்த இடம் அதைவிடச் சூடு. இருபுறமும் உப்புச்செடி. எதிரே வந்தவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். வெப்பம் காட்டும் முள் பாதிக்குச் சற்று மேலே நின்றது. முதல் நிறுத்தத்தில் உறையில் தூரத்தையும் முள்ளின் இடத்தையும் குறித்தேன். காலுறைக்கு மேலே, ஹீட்டர் காற்று படும் இடத்தில், தோல் கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. சுட்டது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பார்த்த பிறகும் அது வேறு யாருடைய காலோ போலத்தான் இருந்தது. துண்டை நனைத்து அதன் மேல் போட்டுக்கொண்டேன்.

இப்படித்தான் எட்டு மாதமாக இருக்கிறது. என் கணவன் கெல்வின் மாவட்ட மன்றத்துக்கு மண் சாலைகளைச் சமப்படுத்தும் கிரேடர் ஓட்டியவன். முப்பத்தொரு வருடம் அதே வேலை, அதே சாலைகள். மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில், கத்தி மண்ணில் இறங்கியபடியே கிரேடர் நின்றிருந்தது. அவன் உள்ளே கதவில் சாய்ந்திருந்தான். மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சில் மிஞ்சியவை மூன்றே சொற்கள்: ஆமா, இல்ல, எழவு. எழவு மட்டும் தெளிவாக வரும். நான் தினமும் இரண்டு மணிக்கு மெல்ராய் ஆஸ்பத்திரிக்குப் போய் நான்கு மணிக்குத் திரும்புவேன். நகம் வெட்டுவேன். அந்த வாரம் யார் வீட்டில் என்ன விதைத்தார்கள், எங்கே எத்தனை மில்லிமீட்டர் மழை என்று சொல்வேன். வீட்டுக்கு வந்து டின்னிலிருக்கும் பீன்ஸை அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவேன். அழவில்லை. அழாமல் இருக்க நான் முயற்சி எதுவும் செய்யவில்லை. அது வரவில்லை, அவ்வளவுதான். தாங்கிக்கொள்கிறாள் என்று ஊரில் சொன்னார்கள். தாங்குவதற்கு ஒரு எடை தெரிய வேண்டுமே.

மூன்று வாரத்துக்கு முன்பு ருடோ அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். வியாழக்கிழமைதோறும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற தெரபிஸ்ட் அவள். ஹராரேயிலிருந்து வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நல்ல பெண். கெல்வினோடு பேசும்போது குனிந்து அவன் கண் மட்டத்துக்கு வந்துதான் பேசுவாள். மடியில் ஒரு படிவம் இருந்தது. வீட்டுக்குப் போக விருப்பமா என்பது அதில் கடைசிக் கேள்வி. விருப்பம் என்றால் வீட்டில் என்னென்ன வேண்டும் என்று பார்ப்பார்கள். இல்லை என்றால் மூன்று மணி நேரத் தொலைவில் கடற்கரையோரம் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் ஒரு படுக்கை. அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். கெல்வின் ஜன்னலைப் பார்த்தான்.

“ஆமா,” என்றான். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, “இல்ல.”

முதல் சொல்லிலேயே ருடோ எழுதிவிட்டாள். இரண்டாவது சொல் வந்தபோது பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். அது நோயின் தடுமாற்றம் என்று நினைத்திருப்பாள். அவன் தோளைத் தட்டி, ரொம்ப சந்தோஷம் கெல்வின் என்றாள். அந்த அறையில் அவனுடைய பதிலைக் கேட்டவள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே கால்பந்து கிளப் ஆட்கள் பலகைகளோடு வந்து வீட்டு வாசலில் சாய்வுப்பாதை போட்டார்கள். அடுத்த வாரம் குளியலறையில் கைப்பிடிகள். அதற்கடுத்த வாரம் எல்லோரும் சேர்ந்து வேனுக்குப் பணம் திரட்டினார்கள். நாளை வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ருடோ வீட்டைப் பார்க்க வருகிறாள். பாதையும் கைப்பிடிகளும் வேனும் இருந்தால் கையெழுத்துப் போடுவாள். திங்கட்கிழமை கெல்வின் வீட்டுக்கு வந்துவிடுவான். வேன் இல்லையென்றால் அதே திங்கட்கிழமை ஆம்புலன்ஸில் கடற்கரைக்கு.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சொற்கள் இடம் மாறி வந்திருக்கலாம். அல்லது என் முதுகை நினைத்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு அறுபத்திரண்டு வயது, அவன் தொண்ணூறு கிலோ. அல்லது வீட்டுக்கு வர விருப்பமில்லை, அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்கக் குறைவாகப் பேசிய மனிதன், ஒன்றைச் சொன்னால் அதையேதான் சொல்வான்.

இரண்டாவது நிறுத்தம் ஐயன் நாப் தாண்டி எண்பத்திரண்டாவது கிலோமீட்டரில். லாரிகள் ஒதுங்கும் இடத்தில் ஒரே ஒரு மரம் இருந்தது. முள் முக்கால் தாண்டியிருந்தது. குழாயைப் பிடித்தேன், நான்கு வரைதான் எண்ண முடிந்தது. காத்திருந்தேன். ஈக்கள் கண்ணோரத்தில் வந்து உட்கார்ந்தன. சாலையில் கிடந்த கங்காருவின் மேல் ஒரு கழுகு நின்றிருந்தது. லாரி வரும்போது இரண்டடி தள்ளி நின்று, போனதும் திரும்ப வந்தது.

நொலீனின் தபால் வண்டி வந்து நின்றது. காலையில் என்னைப் போர்ட் அகஸ்டாவுக்கு ஏற்றிவந்தவள் அவள்தான். எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். இறங்கி வந்து வேனின் ஜன்னலுக்குள் தலையை விட்டாள். என்ஜினை அணைத்திருந்தாலும் ஹீட்டர் விசிறியை நான் ஓடவிட்டிருந்தேன்.

“என்ன ரெய்லீன், ரொம்பக் குளுருதோ? உள்ள ஒரு ஆட்டுத்தொடையை வச்சா வீடு போறதுக்குள்ள வெந்துரும்.”

“உருளைக்கிழங்கும் வைக்கலாம்,” என்றேன்.

அவள் சிரித்தாள். தன்னுடைய ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துத் தந்தாள். அதை நான் குடிக்க வேண்டும், வேனுக்கு ஊற்றக்கூடாது என்று சொன்னாள். நான் குடிக்கிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள். கிளப்பில் திங்கட்கிழமைக்குக் கேக் சொல்லியிருப்பதாகவும், கெல்வினுக்குத் தெரியக்கூடாது என்றும், அவனுக்குத் தெரிந்தாலும் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறான் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பரவாயில்லை என்றேன். சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

“பின்னாலயே வரட்டுமா? தபால் ஒரு மணி நேரம் லேட்டானா யாரும் செத்துட மாட்டாங்க.”

“ஆமா, இல்ல,” என்றேன்.

சரி என்று ஏறிப் போய்விட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. அவளுடைய வண்டி வெள்ளைப் புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வருகிறேன் என்றவளை ஏன் அனுப்பினேன் என்று அப்போது எனக்கும் தெரியவில்லை.

அது நூறாவது கிலோமீட்டருக்கு மேல்தான் தெரிந்தது. அங்கே சாலை நீளமாக, மெதுவாக ஏறும். காரில் போகும்போது ஏற்றம் என்றே தோன்றாது. முன்னால் மூன்று பெட்டி கோத்த லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. முள் சிவப்பின் ஓரத்தைத் தொட்டது. வேகத்தைப் பார்த்தேன், எண்பத்தெட்டு. காலை எடுக்க வேண்டும் என்று தெரியும். எடுக்கவில்லை. தொண்ணூறு. லாரியின் பின்பலகையில் ஒட்டியிருந்த எச்சரிக்கையை இரண்டு முறை படித்தேன். தொண்ணூற்று நான்கு. முள் சிவப்புக்குள் போனது. எனக்குப் பயமாக இல்லை, கோபமும் இல்லை. ஒரு வாளி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. இந்த ஏற்றத்தில் என்ஜின் சூட்டில் இறுகிவிட்டால் வேன் இங்கேயே நின்றுவிடும். நாளைக் காலைக்குள் நானூறு கிலோமீட்டருக்கு இன்னொரு லிஃப்ட் வைத்த வேன் கிடைக்காது. பழைய வண்டி, பாவம் அவள் என்ன செய்வாள் என்பார்கள். கெல்வின் சொன்னதை நான் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்காது. சொல்லாமல் இருந்ததையும் சொல்ல வேண்டியிருக்காது. அவன் சொன்னபடியே நடந்திருக்கும். அல்லது அவன் சொல்லாதபடி நடந்திருக்கும். எதுவானாலும் அதைச் செய்தது வேன்.

அப்போது காலில் குளிர்ந்த காற்று பட்டது.

எவ்வளவு நேரம் அப்படியே போனேன் என்று உறையில் குறிப்பு இல்லை. அன்று முழுவதிலும் நான் குறிக்காத இடம் அது ஒன்றுதான். காற்று கணுக்காலில் ஆரம்பித்து முழங்காலுக்கு ஏறியது. சிவந்த இடத்தில் பட்டபோது அங்கே எரிந்தது. காலையிலிருந்து அந்தக் கால் எரிவது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேனை ஓரத்துச் சரளையில் இறக்கி அணைத்தேன்.

இருக்கையைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. நல்லவேளை, முட்டுக்கம்பியைப் போட்டுவிட்டுத்தான் பின்வாங்கினேன். அடியில் பச்சைத் தண்ணீர் சொட்டிச் சரளையில் விழுந்தவுடன் காய்ந்தது. சற்றுத் தள்ளி, மேலி என்கிற குட்டை மரத்தின் கோடு போன்ற நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். ஒரு மணி பத்து நிமிடம். இடையில் இரண்டு பேர் வண்டியை நிறுத்தி உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். இரண்டு பேரிடமும் ‘ஆமா, இல்ல’ என்றேன். குழாயைப் பிடித்துப் பத்து வரை எண்ணினேன், பிறகு இன்னொரு பத்து. மூடியைத் திறந்து தண்ணீரை ஊற்றினேன். உள்ளே போகும் சத்தம் வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது. மொத்தக் கேனும் போயிற்று. சாவியைத் திருப்பினேன். மூன்றாவது முறையில் என்ஜின் பிடித்தது. இருமியது; ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று எனக்கே கேட்டது. ஆனால் ஓடியது. ஹீட்டரைத் திறந்தேன். சூடான காற்று வந்தது.

மிச்சம் நாற்பத்தைந்து கிலோமீட்டரை அறுபதில் ஓட்டினேன்.

மெல்ராயில் நிற்கக்கூடாது என்றுதான் காலையில் திட்டம். ஊருக்குள் நுழைந்து, தானியக் கிடங்குகளைத் தாண்டி, வலப்பக்கம் திரும்பினால் எங்கள் மண் சாலை. நிற்காமல் போனால் நான்கு மணிக்குள் வேன் வாசலில் நிற்கும். தண்ணீர் வேண்டும் என்பது உண்மை. பெட்ரோல் பங்கிலும் தண்ணீர் உண்டு. அதைத் தாண்டித்தான் வந்தேன். வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடப்பக்கம் திரும்பி, ஆஸ்பத்திரி முற்றத்தில், தோட்டக் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மணி மூன்று பத்து.

ருடோவின் கார் இருந்தது. அவள் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். வேனைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்து, லிஃப்டைப் பார்த்து, கைதட்டுவது போல இரண்டு கையையும் சேர்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கினாள். முதலில் உட்காருங்கள் என்றாள். உட்காரவில்லை. இவ்வளவு தூரம் உட்கார்ந்துதான் வந்தேன் என்றேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட இன்னும் நேரம் ஆக வேண்டும், அதனால் கையில் வேலை எதுவும் இல்லை. சொல்லிவிட்டேன்.

“ருடோ, கெல்வின் அன்னைக்குச் சொன்னது ‘இல்ல’. நீங்க ‘ஆமா’ன்னு எழுதிட்டீங்க.”

அவளுக்குப் புரியவில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சைப் பற்றிச் சொன்னேன், டீயையும் கெட்டிலையும் வைத்து. அவள் கேட்டுக்கொண்டே தன் பேனாவை எடுத்தாள், பிறகு பைக்குள் திரும்பப் போட்டாள். இந்த ஒன்றரை வருடத்தில் இன்னும் யார் யார் பதிலை இப்படித் தப்பாக எழுதியிருப்பேன் என்று யோசிக்கிறாள் போலத் தோன்றியது.

“அப்போ நீங்க ஏன் அன்னைக்கே சொல்லல?”

“நீங்க பேனாவை மூடிட்டீங்க.”

அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது. அவள் அதைத் துருவவில்லை. நோயினால் சொல் முன்பின்னாக வருவதும் உண்டு என்றாள். எது எது என்று அவளாலும் சொல்ல முடியாது. இப்போது போய் மறுபடி கேட்கலாமா என்றாள்.

“கேட்டா ரெண்டும்தான் வரும். எது முன்னாடி வந்துச்சு, எது பின்னாடி வந்துச்சுன்னு நாம ரெண்டு பேரும் அவன் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்.”

ருடோ என் பக்கம் திரும்பினாள். “நீங்க என்ன நெனக்கிறீங்க ரெய்லீன்? உங்களுக்கு அவரு வரணுமா?”

எட்டு மாதத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. வாயைத் திறந்தேன். எனக்கும் அந்த இரண்டு சொற்கள்தான் வரிசையாக வந்து நின்றன. எது முன்னால் என்று தெரியாததால் மூடிக்கொண்டேன்.

அவள் உள்ளே போய்க் கெல்வினைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். வெயிலுக்காக அவன் தலையில் யாரோ தொப்பி வைத்திருந்தார்கள், அவனுடையது இல்லை. அவன் வேனைப் பார்த்தான். சக்கரங்களை, அடியில் சொட்டுகிற தண்ணீரை, தூக்கி நிற்கும் இருக்கையை, அந்த வரிசையில். என்னைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான். இடக்கையை நீட்டி, சிவந்த இடத்துக்கு ஓரங்குலம் தள்ளி விரலை நிறுத்தினான். தொடவில்லை.

“ஹீட்டர்,” என்றேன்.

தலையை ஆட்டினான். அவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

லிஃப்டை இறக்கினேன். ருடோ நாற்காலியை மேடையில் ஏற்றிச் சக்கரங்களைப் பூட்டினாள். வண்டியைச் சும்மா காட்டுவதற்குத்தான் என்று அவனிடமும் என்னிடமும் சொன்னாள். லிஃப்டை இயக்கும் பெட்டி உள்ளங்கை அளவு, நீளமான கம்பியில் தொங்கும். மேலே ஒரு ரப்பர் பொத்தான், கீழே ஒன்று. அம்புக்குறிகள் தேய்ந்து போயிருந்தன. விரல் அழுத்தியிருக்கும் வரைதான் மேடை நகரும். எடுத்தால் அந்த இடத்திலேயே நிற்கும். மேல் பொத்தானை அழுத்தினேன். கெல்வின் மெல்ல உயர்ந்தான். முழங்கால், இடுப்பு, மார்பு என்று என்னைக் கடந்தான்.

பாதி வழியில் விரலை எடுத்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. அவன் முகம் இருந்த உயரம்தான் காரணம். அது அவன் நின்றால் முகம் இருக்கும் உயரம். முப்பத்தேழு வருடம் நான் அண்ணாந்து பார்த்த அதே கோணம். கழுத்து தானாகவே அந்த அளவுக்குச் சாய்ந்து நின்றது. எட்டு மாதமாக அவனைக் குனிந்தே பார்த்திருக்கிறேன் என்பது கழுத்துக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மோவாய்க்கு அடியில் சவரம் செய்யாமல் விட்ட ஒரு திட்டு இருந்தது. கீழேயிருந்து பார்த்தால்தான் அது தெரியும்.

அந்த உயரத்திலிருந்து அவனுக்கு ஆஸ்பத்திரி வேலியைத் தாண்டி வடக்கே போகும் மண் சாலை தெரிந்தது. யாரோ பிக்கப் வண்டியில் வந்துகொண்டிருந்தார்கள். அலை அலையாக மேடு விழுந்த சாலையில் வண்டி கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது. புழுதி பின்னால் கோணலாக எழுந்தது. எட்டு மாதமாக அந்தச் சாலையை யாரும் ஒழுங்காகச் சமப்படுத்தவில்லை. கெல்வின் அதையே பார்த்தான்.

“எழவு,” என்றான், தெளிவாக.

ருடோ வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கம்பியை அது போகும் வரை இழுத்து, பெட்டியை அவனுடைய இடக்கையில் வைத்து, விரல்களை அதைச் சுற்றி மடக்கினேன். கை சூடாக இருந்தது. பிறகு இரண்டடி தள்ளி வந்து நின்றேன். ருடோவும் தள்ளி நின்றாள்.

அவன் பெட்டியைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் மட்டும் ரப்பரின் மேல் அலைந்தது. மேலே போயிற்று, கீழே வந்தது, நடுவில் நின்றது. மேலே என்றால் வேனுக்குள், வீட்டுக்கு; கீழே என்றால் திரும்ப ஆஸ்பத்திரிக்குள். அவன் முகத்தைப் பார்த்தால் அவனை அவசரப்படுத்துவது போலிருக்கும் என்று நான் தரையைப் பார்த்தேன். மேற்கு வெயிலில் மேடையின் நிழல் முற்றத்துச் சரளையில் கிடந்தது. மேடை ஏறினால் அது வேனை விட்டு விலகும். இறங்கினால் கிட்டே வரும். நிழலின் ஓரத்தில் தட்டையான ஒரு வெள்ளைக் கல் இருந்தது, பாதி வெயிலில், பாதி நிழலில். அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.